ஆமைக்கு அடித்த சில்வர் பெயிண்ட்

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானம். வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஓர் இளம்பெண் அதிகாரி ஒரு கையில் பென்சிலும் மறு கையில் துண்டு வெள்ளைத்தாளுமாக என் காரின் பின்பக்கம் குனிந்து நின்றார்.

"சார், என்ஜின் நம்பர் எங்க இருக்கு?"

நான் குனிந்து பார்த்தேன். மெக்கானிக் வெங்கிடு என்னைவிடத் தாழக் குனிந்து பார்த்தான். என் மனைவி கிரேஸ் மட்டும் குனியவில்லை. அவள் கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வேப்பமர நிழலில் காயலான் கடை மினி லாரி ஒன்று நின்றது. அவள் போன் பண்ணி வரச்சொல்லி வந்தது.

விஷயம் இவ்வளவுதான். என்ஜினில் நம்பர் பொறித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண்கள் தாளில் எழும்பும். அந்தத் தாள் இருந்தால் ஆர்.சி. புதுப்பிக்கப்படும், கார் என்னோடு வீட்டுக்கு வரும். இல்லையென்றால் மினி லாரியோடு போகும்.

என்ஜினோ மேலிருந்து கீழ் வரை, கல்யாண மண்டபத்துச் சோற்று அண்டா மாதிரி, சில்வராக மின்னிக்கொண்டிருந்தது. நம்பர் மட்டும் இல்லை.

மாமனார் கொடுத்த ஆமை

போன வாரம் என் ராணுவ சேவையைப் பற்றி எழுதியதும், எந்த எல்லையில் சண்டை போட்டீர்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஐயா, நான் சண்டை போட்டது தட்டச்சு இயந்திரத்தோடு. ராணுவ வண்டி டிப்போவில் கிளார்க். பெண் கேட்டுப் போனபோது என் அப்பா "பையன் மிலிட்டரியில வண்டி டிப்போல இருக்கான்" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்ட என் மாமனார் என்னை என்ஜினியர் ஆக்கிவிட்டார். நானும் மறுக்கவில்லை. மாப்பிள்ளையாக உட்கார்ந்திருக்கும்போது எதையும் மறுக்கக் கூடாது என்று அத்தை சொல்லியிருந்தார்கள்.

மாமனார் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் மேஸ்திரியாக இருந்து மேலே வந்தவர். மெஷின் மாட்ட வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர், ஊர் திரும்பும்போது தன் காரை இவரிடம் விட்டுப் போனார். முதுகு வட்டமாக இருக்கும். டிக்கி முன்னால், என்ஜின் பின்னால். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு விசிறி சுற்றி, அந்தக் காற்றிலேயே என்ஜின் ஆறிக்கொள்ளும். கம்பெனிக்காரர்கள் அதற்கு என்னவோ பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் தெரு வைத்த பெயர் ஆமை.

மாமனார் காலமானபின் ஆமை எங்கள் வீட்டு ஷெட்டுக்கு வந்தது. ஆர்.சி. கிரேஸ் பெயருக்கு மாறியது. ஆசை மட்டும் என் பெயரில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைப்பேன், உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படிப்பேன். ஓட்டியதில்லை. ஏனென்றால் அது ஓடவில்லை. ஆர்.சி. காலாவதியானதுகூட எங்களுக்குத் தெரியாது.

கெடு

கிரேஸ் ஆஸ்பத்திரிகளுக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறாள். ஆரம்பத்தில் முன்னறையில் ஒரே மெஷின். ஆர்டர் பெருகப் பெருகத் துணி மூட்டைகள் கட்டிலுக்கு வந்தன, நான் பாய்க்கு வந்தேன். வேலைக்கு இரண்டு பெண்களைச் சேர்க்க வேண்டும், மெஷின் போட இடம் வேண்டும். வீட்டில் இடமென்று இருந்தது ஷெட் ஒன்றுதான்.

"இஞ்ச பாருங்க. பள்ளிக்கூடம் தொறக்கவும் அந்தப் பிள்ளைய ரெண்டும் வேலைக்கு வாரேன்னு சொல்லிருக்காளுவ. அதுக்குள்ள ஆமைய ரோட்டுல ஓட்டிக் காமிங்க. இல்லாட்டி எடைக்குப் போட்டுருவேன்."

"ஏட்டி, ஒங்க அப்பா காருட்டி அது!"

"எங்க அப்பா ஓட்டுனாக. நீங்க ஒக்காந்து பேப்பர்லா படிக்கிய?"

"மிலிட்டரிக்காரன்ட்டி நான், செஞ்சு காமிக்கேன்" என்றேன். அவள் சிரித்தாள். என் பணி விவரம் அவளுக்குத் தெரிந்து வெகு காலமாகிறது.

எலிகளின் பிரசவ வார்டு

வெங்கிடு எங்கள் தெருவில் பட்டறை வைத்திருப்பவன். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். ஆமை மாதிரி என்ஜினை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் பார்த்ததில்லை என்று சொல்கிற வழக்கமும் அவனிடம் இல்லை.

"நாம பாக்காத என்ஜினா, மிலிட்டரி சார்" என்று மூடியைத் தூக்கினான். உள்ளே எட்டிப் பார்த்தான். "அம்மா தல்லி" என்றான்.

விசிறிக் கூட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கிரேஸ் ஷெட்டில் போட்டு வைத்திருந்த துண்டுத்துணி, நூல், பஞ்சு எல்லாம் உள்ளே மெத்தை மெத்தையாக அடுக்கப்பட்டிருந்தன. வெங்கிடு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே உறவினர் நிற்கிற மாதிரி நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"சார், இது என்ஜினா, இல்ல பிரசவ வார்டா?"

"தாயும் பிள்ளையும் நல்லாருக்கா, பாருலே."

வார்டைக் காலி செய்தபின் வெங்கிடு என்ஜினை இறக்கினான். வேலை முழுக்கப் போனைப் பார்த்துத்தான் நடந்தது. பிரேசில் நாட்டில் யாரோ ஒருவர் இதே என்ஜினைக் கழற்றி மாட்டும் வீடியோக்கள் போட்டிருந்தார். வெங்கிடு அதை ஒரு டயரின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு ஸ்பேனர் பிடிப்பான்.

"ஒனக்கு அந்தாள் பேசுறது புரியுதாலே?"

"பேச்சு எதுக்கு சார்? கையப் பாத்தாப் போதும். பேசுனா நம்ம ஊரு ஆளுங்க மாதிரி ஏதாச்சும் பெருமதான் பேசுவாப்ல."

கார்புரேட்டர் சுத்தமானது. பிளக் மாறியது. விசிறி பெல்ட் மதுரையிலிருந்து வந்தது. ஆயில் சீல் எங்கிருந்தோ கூரியரில் வந்தது. ஒரு சாயங்காலம் ஆமை இருமி, தும்மி, கிளம்பியது. தையல் மெஷினும் மோட்டார் பம்பும் சண்டை போடுகிற மாதிரி ஒரு சத்தம். தெருவே வந்து பார்த்தது. நான் ராணுவ வணக்கம் வைத்தேன்.

நான் கண்டுபிடித்த விஞ்ஞானம்

இந்த இடத்தில் என் பங்களிப்பைச் சொல்லியாக வேண்டும்.

என்ஜினை மாட்டும்போது சிலிண்டரை மூடுகிற ஒரு பெரிய தகடு கிடந்தது. நான் யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு. இது காற்றில் ஆறுகிற என்ஜின். காற்றுப்பட வேண்டிய சாமானைத் தகடு போட்டு மூடினால் எப்படி ஆறும்? சட்டையைக் கழற்றினால் நமக்கு ஆறுகிறதல்லவா? வெங்கிடிடம் சொன்னேன். அவன் கொஞ்சம் தலையைச் சொறிந்தான். "மிலிட்டரியில அப்படித்தான் செய்வாங்களா சார்?" என்று கேட்டான். "ஆமா" என்றேன். தகடு வெளியே நின்றுவிட்டது.

அய்யனார் கோவில் ஆற்றுப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனோம். போகும்போது மலைக்காற்று, மாந்தோப்பு, எல்லாம் சுகம். திரும்பும்போது அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தது. அது அப்பளம் இல்லை, எங்கள் ஆயில். வண்டி நின்ற இடத்தில் இறங்கி, வெங்கிடு பிரேசில்காரரைத் திறந்தான். அந்த மனிதர் திரும்பத் திரும்ப அதே தகட்டைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். விசிறி அடிக்கிற காற்று சிலிண்டரைச் சுற்றி ஓட அந்தத் தகடுதான் வழி. அது இல்லாவிட்டால் காற்று கண்ட பக்கம் போய்விடும்.

"மிலிட்டரியில எம்புட்டு வண்டி சார் எரிச்சிய?" என்று கேட்டான் வெங்கிடு.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தகட்டைத் தேடினால், கொல்லையில் தண்ணீர் டிரம்மை மூடியிருந்தது. கிரேஸ் எடுத்து வைத்திருக்கிறாள்.

"அளவெடுத்தாப்புல இருந்துச்சு. மொதல்ல டிரம்முக்கு மூடி வாங்கிட்டு வாங்க. பொறவு எடுத்துக்கிடுங்க."

அன்று பஜாருக்குப் போய் டிரம் மூடி தேடிய ஒரே விண்டேஜ் கார் ரசிகன் நானாகத்தான் இருப்பேன்.

எஃப்.சி. அழகு

தகட்டை மாட்டி, ரோட்டில் விடுவதற்காக ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தபோதுதான் அது காலாவதியானது தெரிந்தது; புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. லாரியோ பஸ்ஸோ எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு அதிகாரியிடம் காட்டப் போகிறதென்றால் பிரேக்கைப் பார்ப்பதற்கு முன்னால் பெயிண்டரைக் கூப்பிடுவார்கள். டயர் ஓரம் வரை கறுப்படித்து, நட்டுக்கெல்லாம் நிறம் கொடுத்து, மணப்பெண் மாதிரி அனுப்புவார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய நாட்களில் ஊர்ப் பெயிண்டர்களின் சட்டையெல்லாம் ஸ்கூல் பஸ் மஞ்சளாகவே இருக்கும்.

எங்கள் பெயிண்டரும் மஞ்சளாகத்தான் வந்தார். வெங்கிடு சிவகாசியில் கல்யாணத்துக்குப் போயிருந்த நாள் அது.

"பாடிய நான் தொடைச்சுக்கிடுவேன் அண்ணாச்சி. என்ஜினுக்கு மட்டும் ஒரு கோட்டிங் சில்வர் குடுங்க. துரு இருக்கு."

"எஃப்.சி.க்குப் போற வண்டின்னா அதிகாரிக்குக் கண்ணு கூசணும் சார். ஒரு கோட்டிங் பத்தாது."

"ஒரு இடம் விடாம அடிங்க" என்று சொன்னது நான்தான். காபி போட்டுக்கொடுத்ததும் நான்தான்.

குளித்துவிட்டு வந்து பார்த்தேன். விசிறிக்கூடு சில்வர். கார்புரேட்டர் சில்வர். புதிதாக வந்த ரப்பர் பெல்ட்டும் சில்வர். திரும்பினால், பழக்க தோஷத்தில் மனிதர் ஆமையின் முதுகில் மஞ்சள் பெயிண்டில் "ப" எழுதி, அதற்குப் பக்கத்தில் "ள்"ளை ஆரம்பித்திருந்தார். 'பள்ளி வாகனம்' ஆவதற்குள் கையைப் பிடித்துவிட்டேன்.

வெங்கிடு வந்து பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டான். பெல்ட்டைக் கழற்றித் துடைத்தான். கார்புரேட்டரைப் பெட்ரோலில் கழுவினான். நம்பரைப் பற்றி அவனும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு டீக்கடை

கெடுவின் கடைசி நாள் காலையில் கிளம்பினோம். ஓட்டியவன் வெங்கிடு. பக்கத்தில் நான். பின்சீட்டில் கிரேஸ். உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டுமே. வழியெல்லாம் அவள் போனில் பேசிக்கொண்டு வந்தாள். "ஆமா, ஆர்.டி.ஓ. ஆபீஸ் கேட்டுதான். பன்னெண்டு மணிக்கு நில்லுங்க. செத்த நேரம் முன்னப் பின்ன ஆகும்." யாரிடம் என்று கேட்டேன். "காயலான் கடைக்காரருட்ட" என்றாள், சர்ச் பாஸ்டரிடம் என்று சொல்கிற மாதிரி.

வன்னியம்பட்டிப் பக்கம் டீக்கு நிறுத்தினோம். புதுப் பெயிண்ட் சூட்டில் வெந்து பின்னாலிருந்து புகை. டீக்கடைக்காரர் நல்ல மனுஷன். குடத்தோடு ஓடி வந்து, நாங்கள் தடுப்பதற்குள் முன்மூடியைத் தூக்கிவிட்டார். உள்ளே ஸ்டெப்னி டயரும், பேப்பரில் சுற்றி மடித்த என் மதியச் சாப்பாடும் இருந்தன.

"யோவ், என்ஜினக் காணோமேய்யா!"

"வீட்டுல வச்சிட்டு வந்துட்டோம் அண்ணாச்சி" என்றான் வெங்கிடு.

"அப்ப எப்படி வந்தீக?"

"ரோடு சரிவுல்லா."

பின்னால் சாமான் இருக்கிறது, அதற்குத் தண்ணீரே வேண்டாம் என்று விளக்கினேன். அவர் நம்பவில்லை. தண்ணி ஊற்றாமல் ஒரு வண்டி ஓடுமா என்று பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கடைசியில் குடத்துத் தண்ணீரில் நான் முகம் கழுவிக்கொண்டேன். அவருக்குத் திருப்தி.

பென்சிலும் தாளும்

இப்போது ஆரம்பத்தில் விட்ட இடத்துக்கு வந்துவிட்டோம். பிரேக் பார்த்தாயிற்று, விளக்கு பார்த்தாயிற்று, ஹார்ன் அடித்தாயிற்று. பின்சீட்டைத் தூக்கினால் சேஸ் நம்பர் பளிச்சென்று இருந்தது. பெயிண்டர் கை படாத புண்ணிய பூமி. என்ஜின் நம்பர்தான் இல்லை.

"இங்கனதான் இருக்கணும் மேடம்" என்று வெங்கிடு ஓர் இடத்தைக் காட்டினான். நான் இன்னோர் இடத்தைக் காட்டினேன். இரண்டு பேரும் காட்டியது இரண்டு வேறு போல்ட்.

அதிகாரி பொறுமைசாலி. வயதில் எங்கள் ஆமைக்குப் பேத்தியாக இருப்பார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சார், நம்பரைப் பார்க்காம நான் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்? வேணும்னே மறைச்ச மாதிரில்ல இருக்கு. ஆர்.சி.ல உள்ள என்ஜின் இதுதானான்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்கயாச்சும் திருடின என்ஜினா இருந்தா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான்கூடத் தலையாட்டினேன்.

"திருடுன என்ஜினா?"

கிரேஸின் குரல். அதுவரை கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"யம்மா, எங்க அப்பாவப் பத்தித் தெரியுமா ஒங்களுக்கு? மில்லுல இருந்து ஒரு துண்டு நூலு எடுத்துட்டு வர மாட்டாக. சட்டையில பஞ்சு ஒட்டியிருந்தாக்கூட கேட்டுல தட்டிவிட்டுட்டு வருவாக. அவிய வண்டிய திருட்டு வண்டிங்கியளா?"

"இல்லம்மா, நான் அப்படிச் சொல்லல..."

"எம்புட்டு நேரம் இருப்பிய?"

"சாப்பாட்டு நேரம் வரைக்கும் இருப்பேம்மா."

கிரேஸ் விடுவிடுவென்று ரோட்டைத் தாண்டி எதிர்ப் பெட்டிக்கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார். சேலையைத் தூக்கிச் செருகினாள். "பெட்ரோலக் கொண்டால" என்றாள். வெங்கிடு பாட்டிலை நீட்டினான். ஜெனரேட்டருக்குக் கீழே, நாங்கள் இரண்டு பேரும் காட்டாத ஓர் இடத்தில், தேய்க்க ஆரம்பித்தாள்.

"அங்கனதான் இருக்குன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"சின்னப் பிள்ளையில அப்பா ஆயில் ஊத்தும்போது நாந்தான் டார்ச் பிடிப்பேன். பேசாம தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்காம."

தேய்த்தாள். கரிபிடித்த குழம்புச் சட்டியைக்கூட அவள் அப்படித் தேய்த்து நான் பார்த்ததில்லை. லைசென்ஸுக்கு வந்தவர்கள், எட்டுப் போட்டுக் காட்ட வந்த பையன்கள், எல்லாரும் கூடிவிட்டார்கள். காயலான் கடைக்காரரும் லாரியை விட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். சில்வர் உரிந்தது. ஓர் எழுத்து வந்தது. ஓர் எண் வந்தது. அதிகாரி ஆர்.சி.யைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

கடைசி எண்ணில் எல்லாம் நின்றது. ஆர்.சி.யில் எட்டு. என்ஜினில் மூன்று.

காயலான் கடைக்காரர் மெதுவாகச் சாவியை எடுத்து விரலில் சுற்றினார். இத்தனை வருஷம் துடைத்தது வேறு யாருடைய காரையோவா? மாமனாரின் முகம் ஞாபகம் வந்தது. அந்த மனிதரை ஒரு நொடி சந்தேகப்பட்டுவிட்டேன் என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கிரேஸ் நிமிரவே இல்லை. கம்பி நாரை மடித்து, நுனியை விரலில் வைத்து, மூன்றின் இடது பக்கத்தைக் குடைந்தாள். பெயிண்ட் அங்கே கட்டியாக உறைந்திருந்தது. ஒரு செதில் பெயர்ந்து விழுந்தது. மூன்றுக்கு இடது பக்கம் முளைத்தது.

"எட்டு!" என்று கத்தியது காயலான் கடைக்காரர்தான். தன் வியாபாரம் போனதே அவருக்கு அப்போது தோன்றவில்லை.

அதிகாரி தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண்கள் வரிசையாக எழும்பின. நான் கிரேஸைப் பார்த்தேன். மூக்கு நுனியில் சில்வர். கண்ணிலும் ஏதோ மின்னியது. பெட்ரோல் நெடி என்றாள். இருக்கலாம்.

ஊர்வலம்

அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நான் பால்கோவா வாங்கப் போனேன். கூட்டத்துக்கெல்லாம் கொடுத்தேன். நான் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் கிரேஸ் இரண்டு வேலை செய்திருக்கிறாள். ஒன்று, காயலான் கடைக்காரரிடம் பேசியது.

"அண்ணாச்சி, ஒங்க வண்டி சும்மாதான திரும்புது? வன்னியம்பட்டில எங்க சித்தி வீட்டுல ரெண்டு தையல் மெஷினு கெடக்கு. ஏத்திட்டு ராஜபாளையம் வந்துருங்க."

ஆக, ஆமை முன்னால் போக, அதை எடுத்துப்போக வந்த மினி லாரி மெஷின்களைச் சுமந்துகொண்டு பின்னால் வர, நாங்கள் ஊர் வந்து சேர்ந்தோம். நான் நேரே ஷெட்டுக்குள் விடச் சொன்னேன். வாசலில் கிரேஸ் இறங்கிக் கையை நீட்டி மறித்தாள்.

"வெங்கிடு, வெளிய அந்த வேம்புக்கு அடியில விடுல. இது மெஷினு போற எடம்."

"ஏட்டி, ரோட்டுல ஓட்டிக் காமிச்சா விட்டுருவேன்னுதான சொன்ன?"

"எடைக்குப் போட மாட்டேன்னு சொன்னேன். போட்டனா? ஷெட்டு தாரேன்னு எப்பச் சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆமையின் முன்மூடி திறந்திருந்தது. ஸ்டெப்னிக்கு மேல் தலையணை உறை மூட்டை. முன்சீட்டிலும் ஒரு மூட்டை. கிருஷ்ணன்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரிக்கு இறக்க வேண்டுமாம். இது விண்டேஜ் கார், மூட்டை ஏற்றுகிற வண்டி இல்லை என்று தன்மானத்தோடு சொன்னேன்.

"ஆர்.சி.ல காருன்னுதான் போட்டுருக்கு. விண்டேஜுன்னு எங்க போட்டுருக்கு, காமிங்க. ம், எடுங்க, நேரமாச்சு. கொஞ்ச நாளைக்குத்தான். பொறவு ஒங்களுக்குக் கஷ்டமில்ல."

"ஏன்?"

அவள் செய்த இரண்டாவது வேலை அப்போதுதான் தெரிந்தது. நான் பால்கோவா கொடுத்துக்கொண்டிருந்தபோது, அந்த அதிகாரியிடமே ஓட்டுநர் பழகுநர் உரிமத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டு, ஆபீஸில் விண்ணப்பித்தும் வந்திருக்கிறாள்.

உரிமம் வந்து இப்போது மாதங்கள் ஆகின்றன. ஆமையைக் கிரேஸ் ஓட்டுகிறாள். முன்சீட்டில் மூட்டை. எனக்குப் பின்சீட்டு. முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினேன். ஏறி உட்கார்ந்து, அவள் சாவியைத் திருப்பியதும், முதுகுக்குப் பின்னால் அது படபடவென்று எழுந்தது. நாலு சிலிண்டரையும் தனித்தனியாக எண்ணலாம் போலிருந்தது. முன்னால் இருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் பாதிதான் கேட்கும். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.